மாத்திரை விழுங்கப் பழகிய பிள்ளை

காளவாசல் சிக்னலைத் தாண்டியதும் இருக்கிற ஓர் இனிப்புக் கடையில் அழகுராஜாதான் சரக்கு மாஸ்டர். முன்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் மைசூர்பாகும் பால்கோவாவும் லட்டும் பின்கட்டு அடுப்படியில் அவன் கையில் உருவானவை. சின்ன வயதிலேயே சர்க்கரை வியாதி வந்துவிட்டதால், ருசி பார்க்க நாக்கில் வைப்பதைக்கூட உடனே துப்பிவிடுவான். வீடு கோச்சடையில். மனைவி பாண்டீஸ்வரி, ஒரே மகள் நாகஜோதி. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த பிள்ளை என்பதால் அவளை ஒரு வார்த்தை அதட்டிச் சொல்லவும் அவனுக்கு மனசு வராது.

நாகஜோதி யூகேஜி படிக்கும்போது ஒரு நாள் காலையில் இமை இரண்டும் வீங்கி எழுந்தாள். ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்று பாண்டீஸ்வரி எண்ணெய் தடவிப் பள்ளிக்கு அனுப்பினாள். அடுத்து கால் வீங்கியது. பிறகு வயிறு உப்பி, யூனிஃபார்ம் பாவாடை இடுப்பில் ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரியம்வதா பரிசோதித்துவிட்டு, பிள்ளையின் கிட்னி உடம்புக்கு வேண்டிய சத்தை மூத்திரத்தில் ஒழுகவிடுகிறது என்றார். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மாத்திரையிலேயே அடங்கிவிடும், ஆனால் விடாமல் கொடுக்கவேண்டும் என்றும் சொன்னார். காலை மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் பிடித்துச் சூடுகாட்டிப் பார்க்க நர்ஸ் கற்றுக்கொடுத்தார். தெளிவாக இருந்தால் நல்லது. திரிந்த பால் மாதிரி வெள்ளையாகத் திரண்டால் சத்து போய்க்கொண்டிருக்கிறது.

மாத்திரை அப்படி ஒரு கசப்பு. தண்ணீரில் கரைத்துக் கொடுத்த முதல் நாளே நாகஜோதி அத்தனையையும் அம்மாவின் சேலையில் துப்பினாள். அழகுராஜா அதில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தான். மதியம் சாப்பிட்ட பிறகும் அது தொண்டையை விட்டுப் போகவில்லை.

"கசப்ப மறைக்கத் தெரியாமயா நான் மாஸ்டரா இருக்கேன். நீ சும்மா இரு, நான் பாத்துக்கிறேன்" என்றான் பாண்டீஸ்வரியிடம்.

மாத்திரையைப் பொடித்துப் பால்கோவாவுக்குள் வைத்தான். இரண்டு நாள் நாகஜோதி சப்புக்கொட்டித் தின்றாள். மூன்றாம் நாள் ஒரு கட்டியைப் பல்லால் கடித்துவிட்டாள். அதோடு பால்கோவாவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழகுராஜா கேசரிக்கு மாறினான். கேசரியும் போயிற்று. வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை போட்டுப் பிசைந்த சப்பாத்தி, ரோஸ்மில்க் என்று அவளுக்குப் பிடித்த ஒவ்வொன்றிலும் மாத்திரை ஒளிந்தது. ஒவ்வொன்றும் அவளுக்குப் பிடிக்காமல் போனது.

அந்த வருஷம் திருப்பரங்குன்றத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் இலை போட்டு லட்டு வைத்தார்கள். நாகஜோதி அதை எடுத்து, பூந்தி பூந்தியாக உதிர்த்து, ஒவ்வொன்றையும் விரலால் நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து இலையில் இருந்த ஒருத்தி, "ஏ புள்ள, சாப்புடாம என்னத்தத் தேடுற?" என்று கேட்டாள்.

"மாத்திரைய" என்றாள் நாகஜோதி.

பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அழகுராஜா எழுந்து கை கழுவப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் கையால் எதைக் கொடுத்தாலும் அவள் வாங்கவில்லை. வெறும் சோறுகூட அம்மா ஊட்டினால்தான்.

வேறு வழி தெரியாமல் ஒரு நாள் பாண்டீஸ்வரி பிள்ளையின் காலைப் பிடித்துக்கொள்ள, அவன் அவள் மூக்கை அடைத்து வாயில் மருந்தை ஊற்றினான். பிள்ளைக்குப் புரையேறி, மூச்சு இழுக்க முடியாமல் உதடு கறுத்தது. குப்புறப் போட்டு முதுகில் தட்டித் தட்டித்தான் அழுகைச் சத்தம் வந்தது. அன்றைக்கு முழுக்க அவள் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவன் உள்ளே வந்தால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நடந்ததை மறைக்காமல் டாக்டர் பிரியம்வதாவிடம் சொன்னான். அவர் திட்டவில்லை.

"ஒளிச்சு வைக்காதீங்க, மூக்கைப் புடிக்காதீங்க. இது மாத்திரைதான், கசக்கும், ஆனா வேணும்னு அவகிட்டயே சொல்லுங்க. முழுசா முழுங்கப் பழகிட்டா கசப்பே தெரியாது. சின்னச் சின்ன மிட்டாயை வச்சு விளையாட்டு மாதிரி பழக்குங்க. நேரா உக்காரணும், ஓடும்போதும் அழும்போதும் கூடாது."

அழகுராஜா கடையிலிருந்து சீரக மிட்டாய் கொண்டுவந்தான். அவள் எதிரிலேயே தன் வாயில் ஒன்றைப் போட்டுத் தண்ணீர் குடித்து, நாக்கை நீட்டிக் காட்டினான். முதலில் அவள் திரும்பியே பார்க்கவில்லை. ஒரு சாயங்காலம் தானாகவே வந்து பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டி, மிட்டாய்களை ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்தாள்.

"இதுல ஒண்ணும் இல்லல்ல?"

"ஒண்ணும் இல்ல தங்கம். இனிமே எதுலயும் இருக்காது. மாத்திரைன்னா மாத்திரைன்னு சொல்லித்தான் தருவேன்."

சீரக மிட்டாய் உள்ளே போன பிறகு, சர்க்கரைப் பாகில் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக உருட்டிக் காயவைத்துக் கொண்டுவந்தான். அதற்கடுத்து இன்னும் கொஞ்சம் பெரிது. கடையில் கூட வேலை பார்க்கும் சின்னச்சாமி, "மாப்ள, கடைக்குச் சரக்குப் போடுறியா, கோழிக்குத் தீனி போடுறியா?" என்று கேலி பேசினான். மழைக்காலம் முடிந்து பொங்கலுக்குத் தெருவில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தபோது, நாகஜோதி முழு மாத்திரையை நாக்கில் வைத்து, ஒரு டம்ளர் தண்ணீரையும் குடித்து முடித்து, வாயைத் திறந்து காட்டினாள். பாண்டீஸ்வரி அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு இன்னொரு தடவை திறக்கச் சொல்லிக் காட்டினாள். அன்றைக்கு நாகஜோதி அவன் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்று அவன் நம்பினான். பிள்ளையிடமும் அப்படித்தான் சொன்னான்.

ஆனால் காலையில் கண்ணாடிக் குழாய் வெள்ளையாகவே திரண்டது. ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரை போயும் வீக்கம் வடியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து, முதுகில் ஊசி போட்டுக் கிட்னியிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். மருந்தை மாற்றினார்கள். புது மருந்து எண்ணெய் அடைத்த பெரிய கேப்ஸ்யூல், பிரித்தாலே நாற்றம் அடித்தது. நாகஜோதி அதையும் முகம் சுளிக்காமல் விழுங்கினாள். அந்த மருந்தால் முகம் உருண்டு, கன்னத்திலும் நெற்றியிலும் பூனைமுடி வளர்ந்தது. பள்ளியில் கேலி செய்தார்கள் என்று ஒரு தடவை அழுதாள். பிறகு பள்ளிக்குப் போவதே நின்றுபோனது.

இரண்டாம் வகுப்புக்குப் போகவேண்டிய வருஷத்தில், டாக்டர் பிரியம்வதா அழகுராஜாவையும் பாண்டீஸ்வரியையும் உட்காரவைத்து, இரண்டு கிட்னியும் வேலையை நிறுத்திக்கொண்டு வருகின்றன, டயாலிசிஸ் தொடங்கவேண்டும் என்றார். பாண்டீஸ்வரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அழகுராஜா கேட்டான்.

"மேடம், ஆரம்பத்துல எம்புட்டோ துப்பிட்டா. நானும் சரியாக் குடுக்கல. அதனாலயா?"

"இல்லங்க. துணுக்கு எடுத்துப் பாத்தோமே, அதுலயே தெரிஞ்சிருச்சு. இவளுக்கு வந்திருக்கிறது அந்த மாத்திரைக்குக் கட்டுப்படுற வகை இல்ல. முதல் நாள்ல இருந்து ஒண்ணு விடாமக் குடுத்திருந்தாலும் இப்படித்தான் வந்து நின்னிருக்கும். உங்க மேல தப்பே இல்ல."

ஆறுதலாகத்தான் சொன்னார். அது அழகுராஜாவுக்கும் தெரிந்தது. ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது பாதியில் நின்றான்.

"அப்ப எதுக்குப் பாண்டி அவ மூக்கப் புடிச்சேன்?" என்றான்.

பாண்டீஸ்வரி அவன் தோளைப் பிடித்துக் கீழே கூட்டிவந்தாள்.

கிட்னி கொடுக்க அவனால் முடியாது, சர்க்கரை இருக்கிறது. பாண்டீஸ்வரிக்குப் பொருந்தவில்லை. வேறு யாருடைய கிட்னியாவது கிடைக்க அரசாங்கப் பட்டியலில் பெயரைப் பதிந்துவைத்திருக்கிறார்கள். எப்போது வரும் என்று தெரியாது. டயாலிசிஸ் நாட்களில் அவன் பைக்கில் நாகஜோதியை முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போகிறான். ஊசி குத்தும்போதும் அவள் கத்துவதில்லை. "தங்கமான புள்ள" என்று நர்ஸுகள் மெச்சுகிறார்கள். துப்பி, உதைத்து, கதவுக்குப் பின்னால் ஒளிந்த பிள்ளை எங்கே போனாள் என்று அவனுக்குத் தோன்றும். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லும் தெம்பாவது அன்றைக்கு அவளுக்கு இருந்தது.

ஒரு தடவை பைக்கில் போகும்போது அவளே கேட்டாள். "ப்பா, நான் எல்லாத்தையும் ஒழுங்கா முழுங்குறேன்ல. அப்புறம் ஏன் சரியாகல?"

காளவாசலில் வண்டிகள் மொய்த்து நின்றன. சத்தத்தில் காதில் விழாத மாதிரி அவன் இருந்துவிட்டான். அவள் திரும்பக் கேட்கவில்லை.

இப்போது மூத்திரம் சரியாகப் பிரிவதில்லை என்பதால் தண்ணீருக்கும் அளவு வைத்துவிட்டார்கள். காலையில் பாண்டீஸ்வரி ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி வைப்பதுதான் அன்றைக்கு முழுக்க. மாத்திரைக்கும் அதிலிருந்துதான் எடுக்கவேண்டும். வெயில் நாளில் பிள்ளை நாக்கு வறண்டு, உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும்.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் அழகுராஜா மாத்திரைகளைப் பிரித்து அவள் உள்ளங்கையில் வைத்து, பாட்டில் மூடியைத் திறந்தான். நாகஜோதி அவன் கையைத் தள்ளிவிட்டாள்.

"தண்ணி வேணாம்ப்பா. மூடி வைங்க."

"தண்ணி இல்லாம எப்படித் தங்கம்?"

"எனக்கு வரும்."

எச்சிலைக் கூட்டி, ஒவ்வொரு மாத்திரையாகத் தொண்டைக்குள் தள்ளினாள். கடைசி மாத்திரை இறங்க நேரமாயிற்று. கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் முட்டியது. பிறகு வாயைத் திறந்து காட்டினாள், உள்ளே ஒன்றும் இல்லை. பாட்டிலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் எதுவரை இருக்கிறது என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இத நான் சும்மா குடிக்கணும்ப்பா" என்றாள்.