அடையாள அட்டையில் ஓர் ஐந்து

ஏன் இந்த விடுப்பும் வம்பும் உங்களுக்கு? ஒரு குமர்ப்பிள்ளையின் அடையாள அட்டை இலக்கத்தை அறிந்து என்ன செய்யப் போகிறீர்கள்? பன்னிரண்டு இலக்கத்தையும் சொல்ல மாட்டேன். நடுவில் நிற்கும் ஓர் ஐந்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதுவும் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்காததால்.

என் பேத்தியைப் பெண் பார்க்கக் கொட்டாஞ்சேனையிலிருந்து மாப்பிள்ளையும் அவன் வீட்டாரும் வெள்ளவத்தையில் எங்கள் மாடி வீட்டுக்கு வந்திருந்தார்கள். சாதகக் குறிப்பு ஏற்கெனவே பொருந்திவிட்டது. மாப்பிள்ளையும் இவளும் இரண்டு மாதமாகப் போனில் கதைத்து, இவள் தனியே சிரிக்கப் பழகியிருந்தாள். மாப்பிள்ளையின் பெரியம்மா மூன்றாவது ரோல்ஸைக் கடித்தபடி அவளுடைய அடையாள அட்டையைக் கேட்டு வாங்கினார். இலக்கங்களை ஒவ்வொன்றாகக் கூட்டி, வந்ததையும் கூட்டி ஓரிலக்கமாக்கினார்.

“எட்டு வருது. சனியின்ர நம்பர். பேரெண்டா எழுத்தை மாத்தலாம். இது சாகுமட்டும் மாத்தேலாது.”

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் பஸ் டிக்கட்டுகளைக் கூட்டி விளையாடியே ஒன்று கண்டுபிடித்திருந்தேன். எவ்வளவு நீளமான இலக்கமானாலும் ஒன்பதைக் கண்டால் எறிந்துவிடலாம். சேர்ந்து ஒன்பதாகும் நாலையும் ஐந்தையும்கூட எறியலாம். கடைசி விடை மாறாது. அட்டையைப் பறித்து அப்படியே எறிந்து எறிந்து கூட்டினேன், மனுசி பிழைவிட்டிருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டு. எட்டேதான்.

அப்போதுதான் அந்த ஐந்து கண்ணில் பட்டது. பிறந்த ஆண்டுக்கு அடுத்து வருவது, அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தாள் என்பது. பெண்ணென்றால் அதோடு ஐந்நூறு கூட்டிப் போடுவார்கள். அட்டைக்கு விண்ணப்பிக்கப் போன அன்று கிராம சேவகர் சொன்னது. இவள் பிறந்தது அறுபத்திரண்டாம் நாள். அட்டையில் 562.

“அந்த அஞ்சை விட்டுட்டுக் கூட்டிப் பாருங்கோ,” என்றேன்.

பெரியம்மா விரல்விட்டுக் கூட்டினார். “மூண்டு. மூண்டெண்டா குரு. நல்ல நம்பர்தான்.”

“அந்த அஞ்சு, இவள் பொம்பிளையெண்டு கவர்மென்ட் போட்டது. உங்கட அட்டையிலயும் அந்த ஐந்நூறு கூட்டித்தான் கிடக்கு. மீசையோட பிறந்திருந்தா சனி கிட்டவும் வந்திருக்காது.”

“என்னவோ அம்மா, எட்டு எட்டுத்தானே. எங்களுக்கு மனசு ஒருமாதிரிக் கிடக்கு.”

பேத்தி மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவன் ரோல்ஸ் தட்டைப் பார்த்தான்.

“பெரியம்மாவுக்குத்தான் இதுகள் தெரியும்,” என்றான்.

அந்தத் தட்டைத் தூக்கி அவன் மடியில் கவிழ்க்க என் கை துடித்தது. அதற்குள் பேத்தி என் கையிலிருந்த அட்டையை வாங்கித் தன் பேர்ஸுக்குள் வைத்து மூடிவிட்டாள்.

“காணும் அம்மம்மா, விடுங்கோ. தேத்தண்ணி ஆறுது, குடிச்சிட்டுப் போகட்டும்.”

அவர்களை ஏற்றிய லிஃப்ட் கீழே போய்ச் சேரவில்லை, அதற்குள் எங்கள் மாடியில் எல்லாக் கதவும் திறந்துவிட்டன.

“என்னமாதிரி அன்ரி, சரிவந்ததோ?” என்று கேட்டாள் பக்கத்து வீட்டுக்காரி.

“இல்லைப் பிள்ளை. அவை ஒரு ஆம்பிளைப் பிள்ளையைப் பெண் கேட்டு வந்திருக்கினம். எங்கட வீட்டில இல்லையெண்டு அனுப்பிப்போட்டன். உங்கட வீட்டில இருந்தாச் சொல்லுங்கோ, இப்ப கீழதான் நிப்பினம்.”