பினாங்கில் ஒரு சகன் சோறு

கோட்டைப்பட்டினத்தில் ஆண்கள் கப்பல் ஏறுவார்கள், பிழைக்க. சும்மா இருந்துவிட்டு வருவதற்கென்று கப்பல் ஏறிய முதல் பெண்பிள்ளை ரமீஜாதான். ஐம்பத்தெட்டாம் வருசம் அது. மகள் கலியாணம் முடிந்த கையோடு, பினாங்குத் தீவை வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று புருசன் யாக்கூப் அங்கிருந்து சொல்லியனுப்பியிருந்தார். அங்கே கடற்கரை ஓட்டல் ஒன்றில் அவர்தான் பெரிய சமையல்காரர். மூன்று வருசத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார், வந்த களைப்புத் தீருமுன் பெட்டியைக் கட்டிவிடுவார்.

ரமீஜாவுக்குத் தீவைப் பார்க்கும் ஆசையெல்லாம் கிடையாது. வாசலிலேயே கடலை வைத்துக்கொண்டு, இன்னொரு கடலைப் பார்க்க யாராவது கடல் தாண்டுவார்களா? அவள் போனது புருசனைக் கையோடு கூட்டிவரத்தான். அதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. பினாங்கில் கடை வைத்திருந்த அண்ணன் சேக் அலாவுதீன் துணைக்கு வர, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினாள்.

மழைக்காலம் என்பதால் ஓட்டலில் கூட்டமில்லை. முதலாளி பெரிய மனசு பண்ணிக் கடலைப் பார்த்த அறை ஒன்றைத் திறந்துவிட்டார். விருந்தாளிகளோடு கூடத்திலேயே சாப்பிடட்டும் என்றும் சொல்லிவிட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, அழகான இடந்தான். மெத்தைதான் உட்கார்ந்ததும் ஆளை உள்ளே இழுத்தது. பயந்துபோய்த் தரையில் படுத்துக்கொண்டாள். காலையில் அறை பெருக்க ஆள் வந்தபோது, அவளே பெருக்கி முடித்து, விரிப்பையும் துவைத்து வராந்தாவில் காயப்போட்டிருந்தாள். அந்த ஆள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். வெயில் எட்டிப் பார்த்ததும் வெள்ளைக்காரர்கள் மணலில் துண்டை விரித்து, அரைகுறை உடுப்போடு மல்லாந்து படுத்தார்கள். நம்மூரில் கருவாடு காயும், இங்கே ஆளே காய்கிறார்கள் என்று முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். விழுந்த தேங்காய்களை எடுப்பாரில்லை. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கப் புருசன் கையில் அகப்பட வேண்டுமே! ஒருநாள் மத்தியானம் அவளே அடுப்படிப் பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். யாக்கூப் அடுப்போரம் நின்றபடி ஒரு பாத்திர மூடியில் சோறு அள்ளித் தின்றுகொண்டிருந்தார். இரண்டு வாய் போயிருக்காது, கூடத்திலிருந்து மணி அடித்தது. மூடியை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். ரமீஜா சத்தம் காட்டாமல் திரும்பிவிட்டாள்.

கூடத்தில் போய் உட்கார்ந்தவள் முன்னால் வைத்த நெய்ச்சோற்றைத் தொடவில்லை. பக்கத்து மேசையில் ஒரு கிழட்டு வெள்ளைக்காரி தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கோட்டைப்பட்டினத்துப் பந்தியில் சகன் என்கிற பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி நாலு பேர் உட்காருவார்கள். தன் கைக்கு வந்த நல்ல கறித்துண்டை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவதுதான் அங்கே மரியாதை. ஒருவர் தனியே தின்றால், யாருடனோ சண்டை என்று அர்த்தம். கிழவியைப் பார்க்கப் பார்க்க ரமீஜாவுக்கு மனசு கேட்கவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு போய் எதிரே உட்கார்ந்தாள். தன் சோற்றை அவள் தட்டில் கவிழ்த்தாள், நல்ல துண்டாகப் பார்த்து அவள் பக்கம் விரலால் தள்ளினாள், பிஸ்மி சொல்லி இந்தப் பக்கத்திலிருந்து உண்ண ஆரம்பித்தாள்.

கிழவி முகம் சிவக்க எழுந்து போய்விட்டாள். பாவம், வயிறு சரியில்லை போல என்று ரமீஜா நினைத்தாள்.

முதலாளி யாக்கூபைக் கூப்பிட்டுக் கண்டபடி ஏசினார். யாக்கூப் நேரே அறைக்கு வந்து, மானம் கப்பலேறிவிட்டது, தனித்தனியாகச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம் என்பதுகூடத் தெரியாதா என்று குதித்தார். அவர் குதித்து முடித்ததும் ரமீஜா கேட்டாள்.

"அவங்க வழக்கம் இருக்கட்டும் மச்சான். நீங்க கடைசியா யாரோட ஒக்காந்து சாப்பிட்டீங்க?"

யாக்கூப் வாயைத் திறந்தார். அதற்குள் மணி அடித்துவிட்டது. ஓடினார்.

ஊருக்கு வாங்க என்று கேட்கத்தான் அவள் கடல் தாண்டிப் போயிருந்தாள். மணிச் சத்தத்துக்கு அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தபின் அதைக் கேட்க மனசு வரவில்லை. போன மாதிரியே புருசன் இல்லாமல் ஊர் திரும்பினாள். தெருப் பெண்கள் மொய்த்துக்கொண்டு தீவைப் பற்றிக் கேட்டார்கள். மெத்தையைச் சொன்னாள், மனுசக் கருவாட்டைச் சொன்னாள். எல்லோரும் சிரித்துவிட்டுப் போனபின், இப்படி வெறுங்கையோடு வந்துவிட்டோமே என்று அழுதாள்.

மறுவருசம் பெருநாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் யாக்கூப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார்.

"நீ கேட்டியே, அதை யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன் புள்ள. ஒருத்தர் மொகமும் ஞாபகத்துக்கு வரலை. அதுக்கப்புறம் அங்க சோறு எறங்கலை. வேலையை விட்டுட்டு வந்துட்டேன்" என்றார்.

ரமீஜா அடுப்பை மூட்டினாள். நெய்ச்சோறு ஆக்கி, கறி ஆக்கி, பாயை விரித்து நடுவில் சகனை வைத்தாள். கை கழுவப் போனவரைக் காணோமே என்று பார்த்தால், அடுப்படியில் ஒரு மூடியில் சோற்றை அள்ளிக்கொண்டு சுவரோரம் நிற்கிறார், கண் வாசல் பக்கம் இருக்கிறது. தான் இப்படி நிற்பது அவருக்கே தெரியவில்லை. ரமீஜா கிட்டே போனாள். மூடியை அவர் கையிலிருந்து வாங்கிச் சோற்றைச் சகனில் கொட்டினாள்.

"ஒக்காருங்க மச்சான். இங்க யாரும் மணி அடிக்க மாட்டாங்க."

அவர் உட்கார்ந்தார். பிஸ்மி சொல்லிச் சோற்றில் கை வைத்தார். பிறகு கைக்கு வந்த நல்ல துண்டை அவள் பக்கம் தள்ளினார்.