ஐம்பத்தாறு வராது

சௌந்தரராஜன் காலமானார் என்ற செய்தி, நீதிமன்ற வளாகத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் வந்தது. அனுப்பிய கணத்திலேயே வந்திருக்கும். அவரை அறிந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டிய ஒன்று மட்டும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக என்னிடமே தங்கிவிட்டது.

தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் வந்த நாட்களில், ஸ்ரீரங்கத்தில் அவர் மோடம் விற்றார். பெட்டியில் வேகம் நொடிக்கு ஐம்பத்தாறு கிலோபிட் என்று அச்சிட்டிருக்கும். கொள்ளிடம் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள மண்ணச்சநல்லூரின் அரிசி மில் உரிமையாளர் ஒருவர், அதில் பாதிகூட வரவில்லை, சௌந்தரராஜன் தன்னை ஏமாற்றிவிட்டார் என்று என்னிடம் வந்தார். பெட்டியின் மேலட்டையைப் படித்துவிட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். செய்தி ஊரில் பரவியது. கடையில் கூட்டம் குறைந்தது.

மறுவாரம் சௌந்தரராஜன் என் அலுவலகத்துக்கு வந்தார். மேசைமேல் கட்சிக்காரரின் மோடம் இருந்தது.

"திருப்பிப் பாருங்க, வக்கீல் சார்."

அடியில் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'ஐம்பத்தாறு வராது. ஸ்ரீரங்கத்தில் நாற்பத்து நான்கு. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் முப்பதை ஒட்டி.' தாம் விற்ற ஒவ்வொரு மோடத்திலும் அப்படி எழுதி ஒட்டுவது அவர் வழக்கமாம். கட்சிக்காரரும் திருப்பிப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

முப்பதும் வராது என்று கட்சிக்காரர் வாதிட்டதால், மோடத்துடன் மில்லுக்குப் போனோம். அன்றைய நண்பகல், கனவில் கண்டது போலவே நினைவில் நிற்கிறது. மோடம் கூவியது, பிறகு இரைந்தது. சௌந்தரராஜன் கண்மூடிக் கேட்டு, இருபத்தாறு என்றார். திரை பிறகுதான் அதைக் காட்டியது. மோட்டாரின் இரைச்சல் தொலைபேசிக் கம்பியில் கலக்கிறது என்று, மில்லைச் சற்று நிறுத்தச் சொன்னார்.

"மோடத்துக்காக மில்ல நிறுத்துனவன் ஜில்லாவுலயே நான்தாங்க" என்றபடி உரிமையாளர் நிறுத்தினார்.

இம்முறை முப்பத்தொன்று. அமெரிக்காவிலிருந்து உரிமையாளரின் மகன் அனுப்பிய பேத்தியின் படம் பட்டை பட்டையாக இறங்கத் தொடங்கியது. முதலில் முடி, பிறகு நெற்றி, வெகுநேரம் கழித்துக் கண்கள். வெயிலில் உமித்தூசி மிதந்தது. உரிமையாளர் திரையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

"வாய் வர்ற வரைக்கும் லைன் நிக்குமா?"

"நிக்கும். மோட்டார மட்டும் போட்டுறாதீங்க."

பல்லில்லாத சிரிப்பு ஒன்று வந்து சேர்ந்தது. தகராறும் அங்கேயே முடிந்தது.

அன்றே நோட்டீஸைத் திரும்பப் பெற்றேன். ஆனால் அந்தக் கடிதத்தில் 'விவகாரம் சமரசமாக முடிந்தது' என்று எழுதினேன். தொழிலில் பழகிய சொல். என் பிழையை அது மூடியது. சௌந்தரராஜன் இருமுறை படித்தார்.

"சமரசம்னா ரெண்டு பக்கமும் தப்புன்னுதானே சார் அர்த்தம்?"

கடிதத்தைத் திருத்தலாம், பார்க்கலாம் என்றேன். பிறகு பார்க்கவில்லை. எதிரே வரும்போதெல்லாம் வணக்கம் சொன்னார். அதைப் பற்றி மீண்டும் கேட்டதில்லை. விலகிப்போனவர்களில் பலர் அவர் கடைக்குத் திரும்பவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். அவருக்குத் தந்திருக்க வேண்டிய பதிலை, அவரை அறிந்த உங்களிடம் தருகிறேன்: தவறு ஒரு பக்கத்தில்தான் இருந்தது. அது அவர் பக்கம் அல்ல.