கறுப்புக் கோழிக்குப் போட்ட பத்து

எங்கள் வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால் நான் முதலில் தேடுவது பொருளை அல்ல, அக்கம்பக்கத்து முகங்களை. அது என் சுபாவம். முத்தாபுதுப்பேட்டையில் மனை வாங்கி வீடு கட்டியபோது, மேஸ்திரி இறக்கிய ஒவ்வொரு சிமெண்ட் மூட்டையையும் தூக்கிப் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டேன். "உன்னாண்ட குப்பை கொட்றதுக்குன்னே பொறந்து வந்துகீறேன்" என்பாள் என் மனைவி. அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கிறாளா முறைக்கிறாளா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

அன்று காலை பின்பக்கம் போனால் கோழிக்கூண்டின் கதவு சாய்ந்து கிடந்தது. தரையெல்லாம் இறகு. சாம்பல் பெட்டை கழுத்து கிழிந்து செத்துக் கிடந்தது. மற்றவை முருங்கை மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அரிசியைக் காட்டிக் கூப்பிட்டும் இறங்கவில்லை. கறுப்புக் கோழியை மட்டும் காணோம். தேடித் தேடித் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் கண்டுபிடித்தேன். முதுகில் தோல் உரிந்து சதை தெரிந்தது. ஒரு இறக்கை தரையில் இழுபட்டது.

கறுப்புக் கோழி எங்கள் வீட்டிலேயே அடைவைத்துப் பொரித்த குஞ்சு. அம்பத்தூர் எஸ்டேட்டில் பகல் ஷிப்ட் முடித்து நான் வண்டியை நிறுத்தினால் போதும், எங்கிருந்தாலும் ஓடி வந்து டிபன் டப்பாவை ஒரு கொத்து கொத்தும். மீந்த சோறு தனக்குத்தான் என்று அதற்குத் தெரியும். எனக்கு அதை ரொம்பப் பிடிக்கும். கையில் எடுத்தபோது அதன் நெஞ்சு அடித்த அடியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணீர் வடிவதற்குள் கோபம் வந்துவிட்டது.

யார்? எதிர் மனையில் கட்டட வேலைக்கு வந்து தங்கியிருந்தவர்கள் மேல்தான் முதலில் கண் போனது. ஆனால் மனிதன் எடுத்தால் குழம்புக்கு எடுப்பான், கிழித்துப் போட்டுவிட்டுப் போக மாட்டான். அப்போதுதான் முள்வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுச் செம்பட்டை நாயைப் பார்த்தேன். வாயோரத்தில் ஒரு சாம்பல் இறகு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டியது. வாலாட்டினால் விட்டுவிடுவேனா?

பக்கத்து வீட்டுக்காரர் ஆவடியில் படைத்தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வாடகைக்கு வந்தபோது நாயும் கூடவே வந்தது. பிள்ளையில்லாத வீடு, அதனால் அந்த அம்மாள் நாயோடுதான் பேசிக்கொண்டே வேலை செய்வார். நான் வேலியோரம் நின்று இறகைக் காட்டினேன். அந்த அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது.

"எங்க நாய்தான்னு உறுதியாத் தெரிஞ்சா சொல்லுங்க அண்ணாச்சி. இன்னொரு தரம் அது ஒங்க கோழி மேல வாய வச்சிச்சின்னா, எங்கயாச்சும் கொண்டுபோயி விட்டுருதோம்."

சொல்லும்போது அவர் கை நாயின் கழுத்தைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. "பாப்போம்" என்று மட்டும் சொன்னேன்.

கால்நடை மருத்துவமனையில் டாக்டர் புண்ணைக் கழுவித் தையல் போட்டு, தடவுவதற்கு ஊதா மருந்து ஒன்று கொடுத்தார். கோழியைத் தனியாக வையுங்கள், இந்த மருந்தைத் தவிர வேறு எதையும் போடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டியில் வைக்கோல் போட்டுக் குளியலறைக்குள் வைத்தேன். மறுநாள் காலையில் மருந்து தடவிவிட்டு, மனைவியிடம் ஆயிரம் பத்திரம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

மாலை வந்து பார்த்தால் தையல் பிரிந்திருந்தது. முதுகு இறகெல்லாம் சிவப்பாக நனைந்திருந்தது.

"யார் வந்தா?"

"யாரும் வர்ல."

"இன்னா போட்டே அது மேல?"

"நான் இன்னாத்தப் போட்டேன்? சும்மா கெடக்குது அது பாட்டுக்கு."

சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மறுநாளும் அதே கதை. புண் ஒரு விரல் அகலம் கூடியிருந்தது. குளியலறைக் கதவில் கீழ்ப்பலகை இற்றுப்போய் ஒரு ஓட்டை உண்டு. அதற்கு எதிரே மண்ணில் நாயின் கால்தடம் இருந்தது. எனக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. கோழியைக் கையில் ஏந்திக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு வாசலில் நின்றேன். வீட்டுக்காரர் புண்ணைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆட்டோ பிடித்து நாயை ஏற்றிக்கொண்டு போய், அண்ணனூரில் மின்சார ரயில் ஷெட்டுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு வந்தார். அந்த அம்மாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருமுனையையே பார்த்தபடி நின்றார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை மாலை கோழி முதுகில் புது ரத்தம்.

நாய் இல்லை. கதவு ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டேன். அப்புறம் யார்? எனக்கு மூளை தாறுமாறாக ஓடியது. நாய் போன வயிற்றெரிச்சலில் அந்த அம்மாளே ஏதாவது செய்கிறாரா? என் மனைவி ஏன் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை? நான் வருகிற நேரத்துக்குக் குளியலறைத் தரை ஏன் புதிதாகக் கழுவப்பட்டிருக்கிறது? இரண்டு பேரும் வேலியோரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, என் வண்டிச் சத்தம் கேட்டால் ஏன் கலைகிறார்கள்?

மறுநாள் பர்மிஷன் போட்டுவிட்டு மதியமே கிளம்பினேன். வண்டியைத் தெருமுனை மளிகைக்கடையில் நிறுத்திவிட்டு, காலி மனை வழியாக வந்து தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்தேன். என் வீட்டுக்கு நானே திருடனைப்போல வந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் வேலி இடுக்கில் நுழைந்து வந்தார். கையில் ஒரு கிண்ணம், முந்தானையால் மூடியிருந்தது. விஷம்தான் என்றே நினைத்தேன். என் மனைவி குளியலறையிலிருந்து கோழியைத் தூக்கி வந்து மடியில் இறக்கை விரித்துப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாள் கிண்ணத்திலிருந்து எடுத்து இறக்கை மூட்டிலும் முதுகிலும் பதமாகத் தடவினார். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துச் சூடுபண்ணிய பத்து, நமக்குச் சுளுக்குப் பிடித்தால் போடுவோமே, அது. ஆரத்தித் தண்ணீர் மாதிரி செக்கச்செவேலென்று இருந்தது. தடவி முடித்துக் கோழியை மற்றக் கோழிகளோடு வெயிலில் விட்டுவிட்டு, இருவரும் அவற்றுக்கு முதுகைக் காட்டி நிழலில் உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்தார்கள்.

சேவல்தான் முதலில் வந்தது. தலையைச் சாய்த்து அந்தச் சிவப்பைப் பார்த்தது. ஒரு கொத்து. கறுப்புக் கோழி நகர்ந்தது. பின்னாலேயே இரண்டு பெட்டைகள் வந்து ஆளுக்கொரு பக்கம் கொத்தின. கோழிக்குச் சிவப்பைக் கண்டால் சும்மா இருக்க முடியாது. தடவிய பத்தோடு சேர்ந்து தையலும் சதையும் வந்தன. கறுப்புக் கோழி ஓடக்கூடத் தெம்பில்லாமல் மண்ணோடு படுத்துவிட்டது.

"ஐயோ, தொரத்துங்க!" என்று கத்திக்கொண்டே டிரம்மைத் தள்ளிவிட்டு ஓடினேன். இரண்டு பெண்களும் அலறி எழுந்தார்கள்.

"இன்னாயா, டூட்டிக்குப் போவல?" என்றாள் என் மனைவி.

"நீங்க ரெண்டு பேரும் இன்னா பண்ணிகினு கீறீங்க? டாக்டர் இன்னா சொன்னாரு?"

"ஒத்தையில கெடந்து கத்திகினே கீது, அதுக்குத்தான் வெளிய வுட்டேன். எறக்கை தொங்குதேன்னு அக்கா பத்து போட்டாங்க. சொன்னா நீ கத்துவே. அதான் சொல்லல."

அந்த அம்மாள் என் கையிலிருந்த கோழியின் முதுகையே பார்த்தார். பிறகு சேவலின் மூக்கைப் பார்த்தார், அதில் சிவப்புச் சாந்து ஒட்டியிருந்தது.

"எங்க நாய் செஞ்ச பாவத்துக்கு என்னால முடிஞ்சதச் செய்வோம்னு போட்டேன் அண்ணாச்சி" என்றார். "அப்பம் தெனமும் புண்ணு பெருசானது..." முடிக்கவில்லை. சிவந்த விரல்களைப் புடவையில் துடைத்தார், போகவில்லை, மறுபடி துடைத்தார். அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதார். தன் நாய்க்கு எதிரான சாட்சியைத் தன் கையாலேயே தினமும் தயாரித்திருக்கிறோம் என்று அவருக்கு விளங்கிவிட்டது. நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கோழியைக் கழுவி, ஊதா மருந்து தடவி, பெட்டிக்குப் பதில் கம்பிக்கூடை போட்டுத் தனியாகக் கவிழ்த்தோம். மற்றக் கோழிகள் அதன் கண்ணில் படும், ஆனால் அதன் மேல் வாய் படாது. அதற்கப்புறம் புண் பெருகவே இல்லை. இறக்கை மட்டும் இன்றைக்கும் கொஞ்சம் கோணல்.

அன்று வெயில் தாழ்வதற்குள் நானே ஆட்டோ கூப்பிட்டேன். அந்த அம்மாளும் என் மனைவியும் பின்னால், நான் டிரைவர் பக்கத்தில். அண்ணனூர் நெருங்கும்போது அந்த அம்மாள் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டார்.

"மொத நாளு கூண்டுக்குள்ள பூந்தது? அதும் எங்க நாய் இல்லல்லா அண்ணாச்சி?"

எனக்குத் தெரியாது. யாரும் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் கீரிப்பிள்ளை உண்டு, காட்டுப்பூனை உண்டு. கீழே கிடந்த இறகை நாய் சும்மா மோந்திருக்கலாம். மோந்ததோடு நிற்காமலும் இருந்திருக்கலாம். கண்ணால் பார்க்காத எதற்கும் நான் உத்தரவாதம் கொடுத்ததே கிடையாது, கட்டிய மனைவிக்குக்கூட.

"அது இல்லம்மா" என்றேன்.

ஷெட் மதில் ஓரம், டீக்கடை பெஞ்சுக்கு அடியில் நாய் கிடந்தது. வாடிப்போய், காதில் கடிபட்டு. அந்த அம்மாளின் குரல் கேட்டதும் அவர் மேல் பாய்ந்து, சுற்றிச் சுற்றி வந்து குழைந்தது. ஆட்டோவில் மட்டும் ஏறவில்லை. நான் உட்கார்ந்திருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. இறங்கிப் போய்க் குனிந்து கையை நீட்டினேன். நாய் கழுத்தை மட்டும் நீட்டி, கால்களைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு, என் விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்தது. அது முடிக்கும்வரை நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.