எனக்கு மட்டும் என்றிருந்த சாக்ஸபோன்

அந்த சாக்ஸபோன் கலைஞரின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இன்னும் நாலு பேர் தேடிக் கேட்கத் தொடங்குவார்கள். இரண்டு பேர் கேட்டதையே என்னால் தாங்க முடியவில்லை.

சேலத்தில் எனக்கு ஒரு சின்ன மூக்குக் கண்ணாடிக் கடை இருக்கிறது. லென்ஸ் தேய்க்கக் கற்றுக்கொள்ள இளம் வயதில் சென்னைக்குப் போய் மூன்று மாதம் விடுதியில் தங்கியிருந்தேன். பக்கத்து அறைக்காரர் ஜாஸ் பைத்தியம். சுவருக்கு அந்தப் பக்கமிருந்துதான் அந்த சாக்ஸபோன் வாசிப்பை முதன்முதலில் கேட்டேன். அப்போது அந்தக் கலைஞர் ஒரே ஒரு ஆல்பம் வெளியிட்டிருந்தார். பிறகு வந்த ஆறையும் ஒவ்வொன்றாகக் காத்திருந்து கேட்டேன். மாதா கோயிலில் என்னோடு பாடும் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினால், அரை நிமிடம் பொறுத்துவிட்டு, "பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?" என்பார்கள். என் மனைவி ஞாயிறு பூசைக்குக் கீபோர்டு வாசிப்பவள். அவளும், "நல்லாத்தான் வாசிக்கிறாரு, எங்க போய் நிக்கப்போறாருன்னுதான் தெரியல" என்று சொல்லிவிட்டு சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். வருத்தமாக இருக்கிறது என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உள்ளுக்குள் பெருமைதான். இந்த ஊரில் அவர் எனக்கு மட்டும் சொந்தமானவர்.

ஒருநாள் கடைக்கு ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வந்தார். புதுச்சத்திரத்துக்காரர், போர்வெல் வண்டி வைத்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, கைவிரல் இடுக்குகளில் கழுவியும் போகாத கிரீஸ். எழுத்துப் பலகையைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தவரின் கைபேசி ஒலித்தது. எனக்குக் கையிலிருந்த லென்ஸ் நழுவிவிட்டது. என் கலைஞருடைய சாக்ஸபோன்.

"இந்த ரிங்டோன் உங்களுக்கு எங்க கிடைச்சுது?" என்றேன்.

"ஏனுங்க, நல்லா இல்லீங்களா? மூணாவது ஆல்பத்துல நாலாவது வருமே, அதுங்க."

வண்டியோடு ஆப்பிரிக்காவில் இரண்டு வருடம் போர்வெல் போட்டிருக்கிறார். அங்கே கூட வேலை செய்த வெளிநாட்டு எஞ்சினியர் ஒரு பென்டிரைவில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தாராம். "பகல் பூரா கம்ப்ரசர் சத்தங்க. சாயங்காலம் வண்டிக்குள்ள ஒக்காந்து இதக் கேட்டாத்தான் காது தெளியும்" என்றார்.

எனக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவரை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னதும் நான்தான். ஆனால் அவர் கடைப்படி இறங்கிய பிறகு என் பொருளை யாரோ எடுத்துப் பார்த்துவிட்டு வைத்த மாதிரி இருந்தது.

அதன்பின் ஞாயிறுதோறும் பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பும் நேரத்துக்கு, அவர் தன் தம்பியின் கோழிப்பண்ணையிலிருந்து ஒரு அட்டை முட்டையோடு வந்துவிடுவார். எங்கள் சண்டை எப்போதும் முதல் ஆல்பமா மூன்றாவதா என்பதுதான். எனக்கு முதலாவது. இருபது சொச்சம் வயதில் வாசித்தது. அதில் இருக்கும் வேகம் பிறகு எதிலும் இல்லை என்பேன். தாளக்கணக்கு, ஸ்கேல் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்து வைப்பேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்.

"நீங்க சொல்றது சரியா இருக்குமுங்க. எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. மொதல்ல அவரு ஓடறாருங்க, ஆரோ தொரத்தற மாதிரி. மூணாவதுலதான் நடக்கறாரு." பிறகு சொன்னார்: "அதுல ரெண்டாவது பாட்டு முடியப்போற எடத்துல மூச்சுப் பத்தாமப் போயிருது பாருங்க. அத வெட்டாம அப்படியே உட்டுட்டாங்க."

நான் அப்படி எதையும் கேட்டதில்லை. அவர் போனதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போட்டேன். இருந்தது. ஒரு சுரம் பாதியில் நூலாகத் தேய்ந்து, சின்னதாக ஒரு மூச்சு. எத்தனை வருடமாகக் கேட்கிறேன்!

இது போதாதென்று ஐந்தாவது ஆல்பத்தாலும் ஒரு தொல்லை வந்து சேர்ந்தது. சாக்ஸபோனும் ஆர்கனும் மட்டும் வாசிக்கும் ஆல்பம் அது. எனக்கு அது தூக்கம் வரவைக்கிற சமாச்சாரம்; வீட்டில் ஒரு தடவைகூட சத்தமாகப் போட்டதில்லை. ஒரு ஞாயிறு அவர் அதைத்தான் போடச் சொன்னார். மனைவி முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். முதல் பாட்டு பாதி போகும்போது கீரையைக் கீழே வைத்தாள். இரண்டாவது பாட்டில் எழுந்து வந்து ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதை ஏன் எனக்குப் போட்டே காட்டல?" என்று என்னைக் கேட்டாள்.

"உனக்குத்தான் புடிக்காதே."

"ஆர்கன்னு சொன்னீங்களா ஒருநாளாவது?" என்றவள் அவர் பக்கம் திரும்பி, "அண்ணா, அந்த ரெண்டாவது பாட்ட இன்னொருதரம் கேப்பமா?" என்றாள்.

"கேளுங்க அம்மிணி. எத்தன தரம் வேணா கேக்கலாம்."

அடுத்த வாரமே அந்தப் பாட்டின் ஆர்கன் பகுதியைக் கீபோர்டில் பிடித்துவிட்டாள். அவர் வந்ததும் வாசித்துக் காட்டினாள். அவர் கண்ணை மூடித் தலையாட்டினார். இத்தனை வருடம் என் மனைவி சாத்திய கதவை இவர் ஒரே காலையில் திறந்துவிட்டார். யார்மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர்மேல், அவள்மேல், அந்த அமெரிக்க சாக்ஸபோன்காரர்மேலும்கூட.

அப்போதுதான் அந்தக் கலைஞர் பெங்களூருக்கு வருகிறார் என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைக் கச்சேரி. நான் இரண்டே டிக்கெட் எடுத்தேன். போர்வெல்காரரிடம் சொல்லவில்லை. மனைவி கேட்டபோது, "சொன்னேன், அவருக்கு வேலையாம்" என்றேன். அந்த வாரமே அவர் போனில், "ஞாயித்துக்கெழம ஆந்திராவுக்கு வண்டி போகுதுங்க, உங்க ஊட்டுக்கு வர முடியாது" என்றார். கேட்டதும் பாரம் இறங்கியது; மனைவியிடமும் அதையே சொன்னேன். என் பொய் உண்மையாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அரங்கத்தில் எங்களுக்கு மூன்று வரிசை முன்னால் அதே வெள்ளைச் சட்டை.

மனைவிதான் முதலில் பார்த்தாள். "அண்ணா!" என்று கூப்பிட்டேவிட்டாள். அவர் திரும்பினார். அந்த முகத்தை எப்படிச் சொல்வது! திருடும்போது பிடிபட்டவர் முகம். என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"ஆந்திரா போகலீங்களா?" என்றாள்.

"இல்லீங்க அம்மிணி" என்றார். மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். விளக்கு அணைந்தது.

அன்று கலைஞர் மூன்றாவது ஆல்பத்திலிருந்து இரண்டு வாசித்தார். ஐந்தாவதிலிருந்து ஒன்று; மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முதல் ஆல்பத்திலிருந்து ஒன்றுகூட இல்லை. முடிந்து வெளியே வந்து வெள்ளைச் சட்டைக்காரரைத் தேடினோம். அவர் போய்விட்டிருந்தார்.

பெங்களூரில் மைத்துனி வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் காலை பஸ்ஸில் வரும்போது மனைவி கேட்டாள்: "நீங்க அவர்கிட்ட சொல்லவே இல்லதானே?"

"இல்ல."

பஸ் ஓசூர் தாண்டியது. பிறகு, "அந்த மனுசன் இல்லன்னா நான் இத கேட்டே இருக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

நாலு ஞாயிறு அவர் வரவில்லை. ஐந்தாவது வாரம் நானே புதுச்சத்திரம் போனேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, குழாய்களுக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கேக்கக் கூடாதுன்னுதாங்க சொல்லல" என்றேன். வழியெல்லாம் வேறு என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன், வந்தது இதுதான்.

துணியில் கையைத் துடைத்தபடி நின்றார். "நானும் ஆந்திரான்னு பொய்தானுங்க சொன்னேன். நெசத்தச் சொல்லியிருந்தா மூணு பேரும் போயிருப்போமுங்க. நீங்களும் அம்மிணியும் ஒண்ணா ஒக்காந்து கேப்பீங்க. நான் பக்கத்துல ஒக்காந்து அதப் பாத்துட்டு இருக்கோணும். எம்பட ஊட்டுல நான் இதப் போட்டா எல்லாரும் எந்திரிச்சுப் போயிருவாங்க. உங்க ஊட்டுக்கு வந்துட்டுத் திரும்பறப்பல்லாம் எனக்கு வவுறு எரியுங்க."

என்னைப் பார்த்து ஒருவர் வயிறெரிந்திருக்கிறார் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. "காப்பி குடிக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே குரல் கொடுத்தார். குடித்தோம். கச்சேரியைப் பற்றி இருவரும் பேசவில்லை.

இப்போது மறுபடி வருகிறார், முன்பு போல அடிக்கடி இல்லை. சமீபத்தில் எட்டாவது ஆல்பம் வந்தது. எனக்கு முன்னால் அவர் கேட்டுவிட்டார். போன் செய்து சொன்னவரிடம், "நான் இன்னும் கேக்கல, எதையும் சொல்லாதீங்க" என்று வெடுக்கென்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அவரும் மனைவியும் அதை ஒரு ஞாயிறு முழுக்கக் கொண்டாடினார்கள். நான் முதல் ஆல்பத்துக்குப் பக்கத்தில்கூட வராது என்றேன். அதற்குள் கடையில் தனியாக நாலு தடவை கேட்டிருந்தேன். எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.