வாடைக்காற்றில் ஓர் ஆட்டுக்கல்

யுத்த காலத்துக் கார்த்திகை மாதம் அது. மீமிசலில் வாழ்க்கைப்பட்டிருந்த என் தங்கை ஆரோக்கியத்தைத் தலைப்பிரசவத்துக்கு ஆவூருக்கு அழைத்துவரப் புறப்பட்டேன். புதுக்கோட்டையில் காலை ஏழு மணிக்கு ஏறிய பஸ், பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் ஓடியது. ஏற்றம் வந்தபோதெல்லாம் இறங்கித் தள்ளினோம். இருபது மைல் தூரத்திலுள்ள அறந்தாங்கிக்கு வரவே உச்சிப்பொழுதாகிவிட்டது. அங்கே வேறு பஸ் மாறிக் கோட்டைப்பட்டினத்தில் இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. என் வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமாகியிருந்தது.

மீமிசல் அங்கிருந்து ஏழு மைல்தான். ஆனால் மழையில் வழியிலிருந்த பாலம் இடிந்து, சாலை முழுகிவிட்டது.

"வண்டி போகாதுங்க. நடந்தாலும் கழுத்தளவு தண்ணி" என்றார் சாயாக்கடைக்காரர். "காலையில மீரான் மரைக்காரு வத்தை அங்கிட்டுத்தான் போகுது. கேட்டுப் பாருங்க."

வத்தை என்பது பலகைகளை இணைத்துக் கட்டிய சிறிய பாய்மரப் படகு. மீன்பிடிக்கத்தான் அது. பாலம் இடிந்ததால் ஆளுக்கு நாலணா வாங்கிக்கொண்டு, மீமிசலை அடுத்த கோபாலப்பட்டினத்துக் கரையில் இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார் மரைக்காயர்.

மறுநாள் காலை ஆறரைக்குக் கடற்கரைக்குப் போய், பள்ளிக்கூட வாத்தியார் என்று மரைக்காயரிடம் சொல்லி இடம் கேட்டேன். எனக்கு முன்பே புதுமணத் தம்பதி ஒன்று வந்திருந்தது. மாப்பிள்ளை ராமையாவுக்கு மீமிசல் பக்கம். பெண் காத்தாயி அறந்தாங்கிப் பக்கம். அவளோடு சீர்ப் பாத்திரங்களும் படுக்கைப் பாயும் ஓர் ஆட்டுக்கல்லும் வந்திருந்தன. புதிதாகக் கொத்திய கருங்கல். அதை நாலு பேர் திணறிக்கொண்டு தூக்கிவந்து படகின் பின்பக்கத்தில் இறக்கினார்கள். முன்பக்கத்தில் ஈர வலை குவிந்து கிடந்தது. மேலும், கரையோரத்து மணல்மேட்டில் தட்டாமல் போகப் படகின் மூக்கு லேசாக இருக்க வேண்டுமாம்.

"வெளியே போனதும் முன்னுக்கு நகத்திக்கிடலாம்" என்றார் மரைக்காயர். ஐம்பதை ஒட்டிய வயது, குட்டையான மனிதர். அவர் சுக்கானைப் பிடித்தார். அவருடைய கூட்டாளி செல்லையா பாயை ஏற்றினார். தெறிக்கும் நீருக்குப் பயந்து நாங்கள் மூவரும் கல்லை ஒட்டியே உட்கார்ந்தோம்.

முதல் ஒரு மணி நேரம் சுகமாகத்தான் இருந்தது. வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று, நாங்கள் போவதோ தெற்கே. காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. கல்லை நகர்த்தும் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

எட்டு மணியளவில் மேகம் இருட்டி, வாடை வலுத்தது. அந்தக் கடலில் ஆழம் குறைவு. அலை உயரமாக எழுவதில்லை. ஆனால் செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக வரும். பின்னாலிருந்து வரும் ஒவ்வோர் அலையும் படகின் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டு அடியில் கடந்துபோக வேண்டும். எங்கள் பின்பக்கம் எழும்பவில்லை. மூக்கு வானத்தைப் பார்த்தது. பின்பக்கம் கடலோடு கடலாக அமுங்கிக் கிடந்தது.

மரைக்காயரின் தோளுக்கு மேலாக ஓர் அலை உள்ளே விழுந்தது. என் மடியில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டியதுபோல் இருந்தது.

"எல்லாரும் முன்னுக்குப் போங்க! நிக்காதீங்க, தவழ்ந்து போங்க!"

தவழ்ந்து போய் வலைமேல் விழுந்தோம். அப்படியும் போதவில்லை. உள்ளே வந்த தண்ணீர் தாழ்ந்திருந்த பின்பக்கத்துக்கே ஓடித் தேங்கியது. அந்தச் சுமையால் பின்பக்கம் இன்னும் தாழ்ந்தது. அடுத்த அலை முன்னதைவிடச் சுலபமாக ஏறி வந்தது. செல்லையா மரச்சட்டியால் கோரிக் கோரி ஊற்றினார். கோரியதைவிட வந்தது அதிகம்.

"பாயை இறக்கிப்புடலாமா?" என்று கத்தினேன்.

"இறக்குனா வேகம் போயிரும், வாத்தியாரய்யா. அலை இன்னும் ஏறும்" என்றார் மரைக்காயர். சுக்கானை இரு கைகளாலும் கட்டிப்பிடித்திருந்தார். படகு குறுக்கே திரும்பினால் ஒரே அலையில் கவிழ்ந்துவிடும். "கல்லைத் தூக்கிக் கடல்ல போடுங்க!"

ராமையா எழுந்தான். அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தாள் காத்தாயி.

"போகாதீங்க! நாலு பேரு தூக்குன கல்லு. நீங்க எல்லாரும் பின்னாடி போய் ஒரு பக்கமா நின்னு தூக்குனா படகு என்னாகும்?"

"அப்ப சாகச் சொல்றியா?"

"கல்லை முன்னுக்கு இழுங்கன்னு சொல்றேன். கவுத்தைக் குடுங்க. நான் போய்க் கட்டுறேன். எல்லாருலயும் நாந்தான் எடை கம்மி."

மரைக்காயர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். "போ ஆத்தா. கீழேயே இரு" என்றார்.

ராமையா அவள் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டான். அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இன்னொரு கயிற்றின் நுனியோடு பின்பக்கம் நகர்ந்தாள். பாதி வழியில் ஓர் அலை அவளை மூடியது. தண்ணீர் வடிந்தபோது கல்லைக் கட்டிக்கொண்டு கிடந்தாள்.

குழவி கல்லிலிருந்து கழன்று, இங்கிட்டும் அங்கிட்டும் உருண்டு பலகையை இடித்துக்கொண்டிருந்தது. அதைக் கண்டதும் முதலில் அதைத்தான் பிடித்தாள். மார்போடு தூக்கி, விளிம்பில் வைத்து, கடலுக்குள் தள்ளிவிட்டாள். பிறகு கல் வழுக்கி வருவதற்காக, அது அலையில் சாய்ந்தபோது படுக்கைப் பாயை அதன் அடியில் திணித்து, கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றினாள்.

"அலை கடந்ததும் சொல்றேன், அப்ப இழுங்க" என்றார் மரைக்காயர். பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இழு!"

நானும் செல்லையாவும் கால்களைக் குறுக்குப் பலகையில் முட்டுக்கொடுத்து இழுத்தோம். கல் ஒரு முழம் நகர்ந்தது. "நிறுத்து!" அலை வந்து போனது. "இழு!" இன்னொரு முழம். உள்ளங்கைத் தோல் உரிந்தது. அது எனக்கு அப்போது தெரியவில்லை. கல் சாய்ந்தபோதெல்லாம் காத்தாயி தோள்கொடுத்து நிமிர்த்தினாள். எத்தனை முறை இழுத்தோம் என்று தெரியாது. பாய்மரத்தின் அடியில் கல் வந்து முட்டியபோது என் காலுக்குக் கீழே படகு அசைந்ததை உணர்ந்தேன். மூக்கு தாழ்ந்தது. பின்பக்கம் மெல்ல எழும்பியது. அடுத்து வந்த அலை நுரைத்துச் சீறிவிட்டு அடியில் நழுவிப் போயிற்று.

"அல்லா" என்றார் மரைக்காயர்.

சீர்வரிசையில் வந்த பித்தளைக் குண்டானையும் செம்பையும் எடுத்துத் தண்ணீரை இறைத்தோம். பத்து மணிக்குக் கோபாலப்பட்டினத்துச் சேற்றில் படகு தட்டியது. கரையில் இறங்கிய பிறகுதான் காத்தாயிக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியது. ராமையா தன் ஈரத் துண்டைப் பிழிந்து அவள் தலையைத் துவட்டிவிட்டான். நாங்கள் பார்க்கிறோம் என்ற கூச்சம் அவனுக்கு இல்லை.

அவர்களை அழைத்துப்போக வந்திருந்த பெரியவர் சாமான்களைப் பார்த்துவிட்டு, "குழவி எங்கப்பா?" என்று கேட்டார்.

"கெடக்கட்டும் சித்தப்பா. இவ வந்துட்டா" என்றான் ராமையா.

எட்டு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தது. தங்கையை மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி உட்காரவைத்து அறந்தாங்கிக்குப் புறப்பட்டேன். கடற்கரையில் அன்று அலையே இல்லை.

"படகுல போயிருந்தா குலுங்காமப் போயிருக்கலாமேண்ணே" என்றாள் ஆரோக்கியம். படகில் நடந்ததை வீட்டில் யாரிடமும் சொல்லக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

ஊரைத் தாண்டியதும் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "பின்பாரமா இருக்குங்க, கொஞ்சம் முன்னுக்கு..." என்றார்.

எங்கள் ஆவூர்ப் பக்கம் இப்படி ஆயிரம் தடவை சொல்லக் கேட்டிருக்கிறேன். சோம்பலாக ஒரு சாண் நகர்வேன். அன்று அவர் வாய் மூடுவதற்குள் வண்டியின் முன்கோடிக்கே போய்விட்டேன். வண்டிக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தங்கை சிரித்தாள். நெடுநேரம் நான் அங்கேயே, மாட்டின் வாலடியில், விளிம்பை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.