நான் பதில் சொல்லாத ஸலாம்

அன்று காலை ஆறு ஐம்பதுக்கு என் கணவர் வாசலில் நின்று எனக்கு ஸலாம் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. பகல் பதினொன்றேகாலுக்கு, வரிப்பத்தான்சேனையில் உள்ள எங்கள் வயல் வரம்பில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போது உயிர் இருக்கவில்லை.

சகோதரிகளே, நான் கல்முனையில் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியை. வயது நாற்பத்தொன்பது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருபத்து மூன்று வருடங்களாக நாட்குறிப்பு எழுதுகிறேன். எழும்பிய நேரம், வந்தவர்கள், கதைத்தவை எல்லாம் இருக்கும். அந்த ஒரு நாளை எழுத மட்டும் எனக்கு மூன்று நாட்கள் எடுத்தன.

சண்டை சின்னதுதான். இரண்டு வாரமாக அவருக்கு நெஞ்சு இறுக்கிப் பிடித்தது. கிளினிக்குக்குப் போகச் சொன்னேன்.

"வேளாண்மை வெட்டி முடியட்டும்கா" என்றார்.

"அப்ப அதுவரைக்கும் என்னோட கதைக்க வேணாம்."

அது வியாழக்கிழமை. ஸலாம் சொன்னது சனிக்கிழமை. சொன்ன ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை என்று குர்ஆன் ஓதப்போன வயதிலேயே படித்தவள் நான். குசினியில், அடுப்படிச் சுவரைப் பார்த்தபடி நின்றேன்.

கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் இத்தா தொடங்கியது. பகல்கள் ஒன்றோடொன்று கரைந்தன. யன்னல் சீலைக்கு ஊடாக வரும் வெயில் சுவரில் ஏறி, அலுமாரியைக் கடந்து, மெல்ல மங்கும். பஸ் சத்தம் அடங்கிய நேரங்களில் கடல் கேட்கும். சில வேளை அது அவர் மூச்சுவிடுவது போலவே இருக்கும். நான் எழுந்து உட்காருவேன். அழுகை வரவில்லை. நாற்பது நாளாகியும் வரவில்லை.

கனவுகள் வந்தன. ஆனால் மற்றவர்களுக்கு.

"விடியச்சாமம் தம்பி வந்தான் புள்ள" என்றார் அவருடைய மூத்த சகோதரி. நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். "வெள்ளச் சட்ட. மொகம் அப்பிடியே பளபளண்டு. புட்டு இரிக்கா ராத்தா எண்டு கேட்டான்."

"அங்க போயும் புட்டா மதினி?"

"பின்ன? ஒண்ட புட்டு கல்லு மாதிரி எண்டுதானே என்ட ஊட்ட வந்து தின்னுவான்." சிரித்தார், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "ஒனக்கும் வந்தானா?"

"இல்ல."

"வருவான். ஒனக்குச் சொல்லாம அவன் எங்க போனான்?"

அந்தச் சொல் எனக்குள் எங்கே போய்க் குத்தியது என்று அவருக்குத் தெரியாது. ஸலாம் சங்கதியை நான் யாரிடமும் சொல்லவில்லை.

யார் யாருடைய கனவில் வந்தார் என்று குறித்து வைத்தேன். நாற்பத்தோராம் நாள் வரை பதினொரு கனவுகள். இடியப்பம் கொண்டுவரும் பெண்ணுக்குக்கூட வந்திருந்தார். எனக்கு மட்டும் இல்லை. கோபத்தோடு போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு நாளும் பகல் லுஹர் தொழுதுவிட்டு, வுழூ செய்த சுத்தத்தோடு படுத்து, ஒரே துஆவைக் கேட்டேன். யா அல்லாஹ், ஒரே ஒரு தடவை அவரைக் கனவில் காட்டு. நான் பதில் சொல்லிவிடுகிறேன். கண் மூடினால் மூடிய கதவுகள் வந்தன. வெற்றுக் கரும்பலகைகள் வந்தன. அவர் வரவில்லை.

எங்கள் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கும் வத்சலா டீச்சர்தான் எனக்குப் புத்தகங்கள் கொண்டுவந்தவர். வாரத்தில் ஒரு நாள், பாடசாலை விட்டதும், தன் அட்டையில் நூலகத்திலிருந்து எடுத்து வருவார். ஆன்மீகம், மனதை ஆற்றும் வழி, வாழ்வின் நோக்கம், தன்னைத் திருத்திக்கொள்ளுதல் என்று ஒன்பது புத்தகங்கள் வாசித்தேன். அத்தியாயம் அத்தியாயமாகக் கொப்பிகளில் சுருக்கி எழுதினேன். மூச்சைக் கவனிக்கச் சொன்னதைச் செய்தேன். அதிகாலை மௌனம் கடைப்பிடித்தேன். பொய் சொல்லக்கூடாது, அவை எனக்கு உதவின. தொழுகையில் மனம் கொஞ்சம் நிலைத்தது. ஆனால் உன்னை நீயே மன்னித்துக்கொள் என்ற இடம் வரும்போதெல்லாம் எழுத்துகள் தண்ணீரில் மிதப்பதுபோல் அசையும். மன்னிக்க வேண்டியவர் நானல்லவே.

"இதோட நூலகத்தில அந்தப் புத்தக ராக்கை முழுக்க முடிஞ்சுது டீச்சர்" என்றார் வத்சலா, ஒன்பதாவதைத் தந்தபோது. "இனி வேணுமெண்டால் சமையல் புத்தகம்தான் கிடக்கு." என் கொப்பிகளைப் புரட்டிப் பார்த்தார். "ஐயோ, சிவப்புப் பேனையால கோடு வேற. என்ன டீச்சர், சோதினை எழுதப் போறீங்களா?"

பல நாட்களுக்குப் பிறகு நான் சிரித்தேன்.

அந்த ஒன்பதாவது புத்தகத்தில் ஒரு பயிற்சி இருந்தது. இறைவன் உனக்கு இதுவரை தந்தவற்றை ஒன்றும் விடாமல் எழுது என்பதுதான் அது. இத்தாவின் தொண்ணூற்றேழாம் நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அதற்கு உட்கார்ந்தேன். அன்றைக்கு என் துஆவும் மாறியிருந்தது. கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன். யா அல்லாஹ், கனவு உன் விருப்பம், நான் எதை அறிய வேண்டுமோ அதை அறியச் செய் என்று மட்டும் கேட்டேன்.

எழுதத் தொடங்கியதும் சிக்கல். நினைவிலிருந்து எழுத எனக்குப் பழக்கமில்லை. திகதி சரியாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் அலுமாரியைத் திறந்து பழைய நாட்குறிப்புகளை இறக்கினேன். அவர் போன பிறகு அவற்றை நான் தொடவே இல்லை.

வாசித்துக்கொண்டே போனேன். வெயில் பொன்னிறமாகி, பக்கங்களில் விழுந்து கிடந்தது. ஆறு வருடங்களுக்கு முந்திய ஒரு வெள்ளிக்கிழமை. என் கையெழுத்து. அப்படியே தருகிறேன்:

"காலை: இவருடன் கதை இல்லை. காரணம்: கூரை ஒழுக்கு. ஸலாம் சொன்னார், நான் வாய் திறக்கவில்லை. மாலை 5.20: சிரித்துக்கொண்டு வந்தார். 'நீ சொல்லாட்டி எனக்கென்ன? கேற்றுக்கிட்ட நிண்டு ஒனக்கும் சேர்த்து நானே பதில் சொல்லிட்டுத்தான் போனன். நீ கோவிக்கிற நாளெல்லாம் அப்பிடித்தான். ஒண்ட பேர்ல ஒரு குறை எழுதப்படக் கூடாது பாரு' என்றார். தேநீர் போட்டேன். நாளை கூரை வேலை."

மூன்று தடவை வாசித்தேன். எழுதியவள் நான். மறந்தவளும் நான்.

அந்தச் சனிக்கிழமையும் அவர் வாசல் கேற்றடியில் கொஞ்ச நேரம் நின்றார். மோட்டார் சைக்கிளின் சங்கிலியைப் பார்க்கிறார் என்று எண்ணினேன். குசினி யன்னலால் முதுகு தெரிந்தது. அசையாமல் நின்றார். பிறகுதான் எஞ்சின் சத்தம்.

அது மார்க்கச் சட்டப்படி பதிலாகுமா என்று நான் எந்த ஆலிமிடமும் கேட்கவில்லை. கடமையைத் தவறவிட்டதற்கு நான் தௌபா செய்து மன்னிப்புக் கேட்டேன், இன்றும் கேட்கிறேன். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்: என்மேல் மனத்தாங்கலோடு போனாரா? இல்லை. கேட்ட அன்றைக்கே, என் கையெழுத்திலேயே, அல்லாஹ் எனக்குக் காட்டினான்.

"வஅலைக்குமுஸ்ஸலாம்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். பிறகு அழுகை வந்தது. அந்தியில் மஃரிப் பாங்கு கேட்கும் வரை அழுதேன்.

இத்தா முடிந்து பாடசாலைக்குப் போகிறேன். பேச்சை நிறுத்திக் கோபிக்கும் பழக்கத்தை விட்டுவிட்டேன். வத்சலா டீச்சர்தான் அதற்குச் சாட்சி. சனிக்கிழமைகளில், இத்தா இருக்கும் பெண்கள் யாராவது கேட்டால், இரண்டு புத்தகமும் ஒரு வெற்றுக் கொப்பியும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறேன். போன மாதம் அட்டாளைச்சேனையில் ஒரு வீட்டுக்குப் போனேன். இத்தா இருந்தவளுக்கு இருபத்தாறு வயது. பாயில் சுவரோடு சாய்ந்திருந்தாள்.

"உங்கட அவர் கனவுல வந்தாரா டீச்சர்?"

"இல்ல மகள். இன்னும் வரல்ல."

"அப்ப எப்பிடி நிம்மதியா இரிக்கிறீங்க?"

உங்களுக்குச் சொன்ன எல்லாவற்றையும் அவளுக்கும் சொன்னேன். கொப்பியைக் கையில் கொடுத்தேன்.

"என்னத்த எழுத?"

"அவருக்கு என்ன கறி விருப்பம்?"

நிமிர்ந்து பார்த்தாள். உதடு கோணியது. "கறியா? அந்த மனிசன் மூணு நேரமும் ஊறுகாயோட சோறு தின்னுவார் டீச்சர். என்ட மீன் கறிய ஒரு நாளாவது…"

"அத எழுதுங்க" என்றேன்.

எழுதத் தொடங்கினாள்.

சகோதரிகளே, வாசியுங்கள். நல்லதைச் சொல்லும் எதையும் வாசியுங்கள். ஆனால் கேட்பதை நிறுத்தாதீர்கள். நான் ஒரு கனவைக் கேட்டேன். அல்லாஹ் எனக்கு ஒரு வெள்ளிக்கிழமையைத் திருப்பித் தந்தான். உங்களுக்கு எதைத் தருவான் என்று எனக்குத் தெரியாது. தருவான் என்பது தெரியும். இன்றைக்கே கை ஏந்துங்கள்.